முள் எப்போது ஏறுகிறது?

மச்சினனுடைய பிக்கப்புக்கு இருபது வயதுக்கு மேல் ஆகிறது. நாலு சிலிண்டர் டீசல். எலெக்ட்ரானிக்ஸ் என்று சொல்ல அதில் ரேடியோ மட்டும்தான் உண்டு. கொஞ்ச நாளாக அதற்கு ஹீட் ஏறும் வியாதி. ஒர்க்‌ஷாப்பில் தெர்மோஸ்டாட்டை (இன்ஜின் சூடானதும் திறந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் விடும் வால்வு) கழற்றி எடுத்துவிட்டார்கள், வாட்டர் பம்ப் மாற்றினார்கள், அப்புறமும் அடங்கவில்லை என்றதும் "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும், இன்ஜினைப் பிரிக்கணும்" என்று சொல்லிவிட்டார்கள். (இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் அடைப்புத் தகடுதான் ஹெட் கேஸ்கெட்.) அதற்குப் பிறகுதான் வண்டி என்னிடம் வந்தது.

நான் தொழில்முறை மெக்கானிக் இல்லை. ஆனால் இதைவிடப் பழைய வண்டி ஒன்றை வைத்துக்கொண்டு பல வருடமாக மல்லுக்கட்டுகிறேன். அதனால் பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டேன்: "எப்போடா ஹீட் ஏறுது?"

"எப்பவும்தான் மாமா."

இப்படிச் சொன்னால் ஒன்றும் பிடிபடாது. குடைந்து குடைந்து கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. நெரிசலில் ஊர்ந்து போனாலும் ஏறுவதில்லை. லோடு ஏற்றிக்கொண்டு நீளமான மேட்டில் ஆக்ஸிலேட்டரை அழுத்திப் போகும்போதுதான் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. காலை எடுத்து மெதுவாகப் போனால் தானாக இறங்கிவிடுகிறது.

பாதி வேலை இங்கேயே முடிந்துவிட்டது என்பேன். நிற்கும்போது சூடாகி, ஓடினால் ஆறுகிறது என்றால் காற்றில் குறை: ஃபேன் பெல்ட், விஸ்கஸ் ஃபேன் கிளட்ச் (சூட்டுக்கு ஏற்ப ஃபேனைச் சுழலவிடும் பாகம்), உடைந்துபோன ஃபேன் கவர். வண்டி வேகமெடுத்தால் முன்னால் வரும் காற்றே ரேடியேட்டருக்குப் போதும், அப்போது ஃபேனுக்குப் பெரிய வேலை இல்லை. நிற்கும்போது நன்றாக இருந்து, இழுக்கும்போது மட்டும் ஏறினால் பெரும்பாலும் தண்ணீர் ஓட்டத்தில் குறை, அல்லது ரேடியேட்டருக்குச் சக்தி போதவில்லை. பிடித்துக்கொண்டே இருக்கும் பிரேக், தள்ளிப்போன இன்ஜெக்‌ஷன் டைமிங் (டீசலைப் பீய்ச்சும் நேரம்) இவையும் இதே மாதிரி ஹீட் ஏற்றும். அதனால் சக்கரங்களைச் சுற்றிப் பார்த்தேன். எதுவும் பிடிக்கவில்லை.

அடுத்து, முள் சொல்வது உண்மையா என்று பார்க்க வேண்டும். பழைய வண்டியில் சென்சாரின் எர்த் துருப்பிடித்தாலே முள் ஆட்டம் காட்டும். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் தெர்மோஸ்டாட் உட்காரும் உலோகக் கூட்டின் மேல் காட்டிப் பார்க்கலாம். பளபளக்கும் அலுமினியத்தில் அது குறைத்துக் காட்டும், அதனால் ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேல் காட்டுவதுதான் வழக்கம். இன்னொன்று, கொதித்துக்கொண்டிருந்த முள் திடீரென்று கீழே விழுந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். தண்ணீர் காலியாகி சென்சார் வெறும் காற்றில் நிற்கிறது என்றும் இருக்கலாம். உடனே ஓரங்கட்டி நிறுத்துங்கள்.

ஹெட் கேஸ்கெட் சந்தேகத்தைத் தீர்க்க இன்ஜினைப் பிரிக்கத் தேவையில்லை. மறுநாள் காலையில் ஆறிக் கிடந்த வண்டியின் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்தோம். (சூடாக இருக்கும்போது அந்த மூடியில் கை வைக்கவே கூடாது. உள்ளே நூறு டிகிரியைத் தாண்டியும் அழுத்தத்தால் கொதிக்காமல் இருக்கும் தண்ணீர், திறந்த நொடியில் ஆவியாகி முகத்தில் அடிக்கும்.) கேஸ்கெட் விட்டிருந்தால் குமிழி வந்துகொண்டே இருக்கும், மூடியை மூடினால் மேல் ஹோஸ் சூடேறுவதற்கு முன்பே கல்லாக இறுகும். முதலில் நாலைந்து குமிழி வந்தது, அப்புறம் நின்றுவிட்டது. அது உள்ளே மாட்டியிருந்த காற்று. ஆயில் கேப்பின் அடியில் பால் போன்ற கசடு இல்லை. சைலன்சரில் இனிப்பு வாசனையுடன் வெள்ளைப் புகையும் இல்லை. சரி, ஹெட் தப்பித்தது.

இன்ஜின் சூடானதும் ரேடியேட்டர் முழுக்கத் தெர்மாமீட்டரை மெதுவாக நகர்த்திக்கொண்டே போனேன். மேலிருந்து கீழே சூடு சீராகக் குறைய வேண்டும். நடுவில் திட்டாகக் குளிர்ந்திருந்தால் அந்த இடத்துக் குழாய்கள் அடைபட்டிருக்கின்றன. இதில் கீழே ஒரு மூலை மட்டும் குளிர்ந்து கிடந்தது. குறைதான், ஆனால் இவ்வளவு ஆட்டத்துக்கு அது மட்டும் காரணமாக இருக்காது என்று பட்டது.

மிச்சமிருந்தது கீழ் ஹோஸ். பலரும் மேல் ஹோஸை மட்டும் அமுக்கிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ரேடியேட்டரின் அடியிலிருந்து பம்புக்குப் போகிறதே அந்தக் குழாய், பம்ப் உறிஞ்சும் பக்கம் அதுதான். மச்சினனை உள்ளே உட்கார வைத்து ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்தச் சொன்னேன். நான் டார்ச்சோடு, ஃபேனிலிருந்து கையும் சட்டையும் எட்டாத தூரத்தில் குனிந்து பார்த்தேன். ஐடிலிங்கில் ஹோஸ் உருண்டையாக இருந்தது. ஆர்பிஎம் ஏற ஏற அதன் நடுப்பகுதி நோயாளியின் கன்னம் போல உள்ளே ஒட்டிக்கொண்டு போனது. மூவாயிரத்துக்குப் பக்கத்தில் கிட்டத்தட்ட தட்டையாகிவிட்டது, தண்ணீர் போக வழியில்லை. காலை எடுத்ததும் ஒரு சின்ன துள்ளலோடு பழைய உருவத்துக்கு வந்தது.

"மறுபடி அழுத்து."

மறுபடியும் அதேதான். பிறகு அவனையும் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, நான் உட்கார்ந்து அழுத்தினேன். "இதை ஏன் மாமா யாருமே பார்க்கலை?" என்றான். நிற்கிற வண்டியில் ஐடிலிங்கில் பார்த்தால் தெரியாதே.

ஆறிய பிறகு கழற்றினோம். அந்த ஹோஸுக்குள் சப்பாமல் தாங்குவதற்கு ஒரு கம்பிச் சுருள் இருக்க வேண்டும். கவிழ்த்துத் தட்டியதும் பழுப்புத் தூளும் நகக்கண் அளவு துருத் துண்டுகளும் விழுந்தன. சுருளில் மிஞ்சியது அவ்வளவுதான். இத்தனை காலமும் கூலண்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரை ஊற்றி ஊற்றி ஓட்டியதன் பலன். கூலண்ட் கொதிநிலையை ஏற்றுவதற்கு மட்டும் இல்லை, துருவைத் தடுக்கிற சேர்மானமும் அதில்தான் இருக்கிறது. புது ஹோஸ் வாங்கும்போது சுருள் இருக்கிறதா என்று கேளுங்கள். சில ஹோஸ்கள் சுருள் இல்லாமலேயே தாங்கும்படி உள்ளே நெய்து கெட்டிப்படுத்தப்பட்டிருக்கும், அதில் தப்பில்லை.

ஹோஸ் சப்பிப்போவதில் இன்னொரு வகையும் உண்டு. ஓடும்போது சரியாக இருந்து, நிறுத்தி ஆறிய பிறகு ஹோஸ்கள் ஒட்டிக் கிடந்தால் குற்றவாளி ரேடியேட்டர் மூடி. ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விட வேண்டிய சின்ன வால்வு அதில் சிக்கிக்கொண்டிருக்கும். மூடிதான் இருப்பதிலேயே மலிவான பாகம், ஆனால் மாற்றுவது என்னவோ கடைசியில்தான். 0.9 பார் அழுத்தத்துக்கான மூடி சரியாகப் பிடித்தால், பாதிக்குப் பாதி கலந்த கூலண்ட் 120 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காது. பிடிக்காவிட்டால் 107 வாக்கிலேயே கொதித்துவிடும்.

தெர்மோஸ்டாட்டைத் திரும்பப் போட்டுத்தான் ஆக வேண்டும் என்றேன். அவனுக்கு அதில் அரை மனசு. "அது இல்லாட்டி தண்ணி தாராளமா ஓடும்னுதானே கழட்டினாங்க?" என்றான். எல்லா இன்ஜினிலும் அப்படி இல்லை. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை அடைக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும், சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் இன்ஜினுக்குத் திரும்பிவிடும். ஹீட்டைக் குறைக்கச் செய்தது ஹீட்டை ஏற்றும். லோடு இல்லாத நேரத்தில் இன்ஜின் சூடேறாமலே ஓடித் தேய்வது தனிக் கதை. புதிதாக வாங்கிய தெர்மோஸ்டாட்டைக்கூட, மாட்டுவதற்கு முன் ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் அடியில் படாமல் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்கிப் பார்த்தோம். 82 டிகிரி என்று பொறித்திருந்தது, அதை ஒட்டியே திறந்தது.

கூலண்ட் ஊற்றி, உள்ளே மாட்டிய காற்றை வெளியேற்றுவதற்கு வண்டியின் மூக்கை மேட்டுப் பக்கம் நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் திறந்து வைத்தோம். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கியது, மேலும் ஊற்றினோம். பிறகு அதே மேட்டில், அதே அளவு லோடோடு போய் வந்தான். முள் நடுவைத் தாண்டவில்லை.

ரேடியேட்டரின் குளிர்ந்த மூலை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பித்தளை ரேடியேட்டர் என்பதால் டேங்கைப் பிரித்துக் குழாய்களில் கம்பி விட்டுச் சுத்தம் செய்யலாம். வெயில் காலத்துக்கு முன்னால் செய்துவிடு என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் மாமா என்கிறான்.