கண்டல்காடு என்று நினைத்தேன், டனித் தோப்பு

செயற்கைக்கோள் படத்தில் அந்த இடம் நல்ல கரும்பச்சை. கண்டல்காடு, அதாவது ஓதநீரில் நிற்கும் அலையாத்திக் காடு என்று நானேதான் கணினியில் நிறம் தீட்டியிருந்தேன். படகை விட்டு இறங்கி, முழங்கால் சேற்றில் நடந்து, 17-ஆம் பாயிண்டில் ஜி.பி.எஸ்ஸைத் தூக்கிப் பிடித்தால் சுற்றிலும் டனி. மியன்மாரில் எங்கள் மோல்மேன் பக்கம் கூரை வேய்கிறோமே, அந்த ஓலையைத் தரும் சேற்றுப்பனை. அதுவும் வரிசை பிடித்து நின்றது. காட்டில் ஏது வரிசை?

2020 ஜனவரி, கொரோனாவுக்குச் சற்று முன். நிலத்துக்கு வரைபடம் போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் வாழிடங்களின் நிலையை மதிப்பிடும் பயிற்சி ஒன்றில் சேர்ந்திருந்தேன். அழியும் ஆபத்தைச் சொல்லும் சிவப்புப் பட்டியல் விலங்குகளுக்கு இருப்பது எல்லாருக்கும் தெரியும். காடு, சேற்றுவெளி, புல்வெளிகளுக்கும் அப்படி ஒன்று உண்டு. அதன் விதிகளை உலக இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐ.யூ.சி.என். 2014-ல் ஏற்றுக்கொண்டது. மொத்தம் ஐந்து அளவுகோல். பரப்பு எவ்வளவு சுருங்கியது, எவ்வளவு சின்ன இடத்துக்குள் முடங்கிக் கிடக்கிறது, மண்ணும் நீரும் கெட்டதா, உயிர்களுக்குள் உள்ள பிணைப்பு அறுந்ததா, இனி குலைந்துபோக எவ்வளவு வாய்ப்பு என்று பார்க்க வேண்டும். எது மோசமான விடை தருகிறதோ அதுவே இறுதி முடிவு. நாலு பாடத்தில் நூறு வாங்கி ஒன்றில் கோட்டை விட்டாலும் ஃபெயில்தான்.

ஐம்பது ஆண்டில் பரப்பு 30 சதவீதம் குறைந்தால் ‘அழிவாய்ப்புள்ளது’, 50 என்றால் ‘அருகி வருவது’, 80 என்றால் ‘மிக அருகியது’. கேட்க எளிது. ஆனால் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 1972-லிருந்துதான் உண்டு. அந்தக் காலத்துப் படம் மங்கல் வேறு. எண்பதுகளின் கடைசியிலிருந்து உள்ள தெளிவான படங்களை வைத்துக்கொண்டு ஐம்பது ஆண்டுக்கு நீட்டிக் கணக்குப் போட வேண்டும். ஆண்டுக்கு இத்தனை ஏக்கர் போகிறது என்று வைத்தால் ஒரு விடை, இருப்பதில் இத்தனை சதவீதம் போகிறது என்று வைத்தால் வேறு விடை. மழைக்காலப் படம் முழுக்க மேகம், உதவாது. வெயில்காலப் படத்திலும் ஓதம் ஏறியிருந்தால் கரையோர மரம் பாதி தண்ணீருக்குள். கணினி வேலை சுகம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இதெல்லாம் சரிதானா என்று பார்க்கத்தான் களப்பயணம். கணினி கண்ணை மூடிக்கொண்டு பொறுக்கிய 40 புள்ளிகள். அனுமதிக் கடிதத்தை ஓர் அலுவலகம் தொலைத்துவிட்டதால் இரண்டு வாரம் வீண். பிறகு மாமாவின் படகில் கிளம்பினோம். மூன்றாவது பாயிண்டிலேயே ஒரு கிளையை விலக்கப் போய் ஒடித்துவிட்டேன். வெள்ளையாகப் பால் கையில் வழிந்தது. “கண்ணைத் தொடாத!” என்று மாமா போட்ட சத்தத்தில் கொக்குகள் பறந்தன. தில்லை மரம். சிதம்பரத்துக்குப் பெயர் கொடுத்த அதே தில்லை. பால் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பாட்டி சொன்ன தில்லைவனத்தை இப்படிச் சேற்றில் சந்திப்பேன் என்று எண்ணவில்லை.

17-க்கு வருகிறேன். சத்தம் கேட்டு, தோப்புக்காரர் அரிவாளும் கையுமாக வந்தார். மாமாவோடு நான் தமிழில் பேசியது காதில் விழுந்திருக்க வேண்டும்.

“யாரும்மா நீ? மோல்மேன் புள்ளையா?”

“ஆமா தாத்தா. இந்த டனி தானா முளைச்சதா?”

“தானா முளைக்குமா? எல்லாம் நான் வச்சது. இங்க இருந்த மரத்தை வெறகுக்கு வெட்டிட்டாங்க. சும்மா கெடந்துச்சு, வச்சேன்.”

“எந்த வருஷம்?”

“பெரிய மக சமைஞ்ச வருஷம். எண்பத்தெட்டு கலவரத்துக்கு மறுவருஷம்.”

1988-ல் ராணுவ ஆட்சிக்கு எதிராக எழுந்த போராட்டத்தைச் சொல்கிறார். அப்படியென்றால் 1989. படிவத்தில் ‘ஆதாரம்’ என்ற கட்டத்தில் ‘தோப்புக்காரர் வாய்மொழி’ என்று எழுதினேன். பயிற்சியாளர் சிவப்பு மையில் கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்பினார். எரிச்சல் வந்தது, ஆனாலும் அவர் கேட்டது நியாயம். பழைய படங்களைத் தேடினேன். 1989 தொடக்கத்துப் படத்தில் ஓடையோரம் சாம்பல் நிறத்தில் வெறுந்தரை. அடுத்த பத்தாண்டுக்குள் எடுத்த படத்தில் அதே இடம் பச்சை. தாத்தாவின் நாட்காட்டி பிசகவில்லை.

இப்படி 7 பாயிண்ட் நட்டு வளர்த்த டனியாக இருந்தன. அவற்றைக் காட்டிலிருந்து கழித்ததும், 30 சதவீதத்துக்குக் கீழே இருந்த இழப்பு அந்தக் கோட்டைத் தாண்டியது. இது பயிற்சிக் கணக்குதான். ஓர் ஓடைக்குத் தனியாகப் பட்டியல் போட முடியாது, அந்த வகைக் காடு முழுவதையும் சேர்த்துத்தான் போட வேண்டும். நாடு முழுவதற்குமான மதிப்பீடு அதே ஆண்டு வெளியானது: மியன்மாரில் 64 வகை வாழிடங்கள், 29 ஆபத்தில், ஐராவதி நடுப்பகுதியின் பனைப் புல்வெளி முற்றாகக் குலைந்தது. பக்கத்து நாடுகளில் கண்டல்காட்டை இறால் பண்ணை தின்றது என்பார்கள். இங்கே பெரும்பாலும் நெல் வயல். சோறு தின்கிற யாரும் அதில் கைகழுவிவிட முடியாது.

தாத்தாவுக்கு போன் செய்து சொன்னேன். ‘ஆபத்து’ என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டார்.

“அப்ப இந்த வருஷம் ஓலை வெட்டலாமா, கூடாதா?”

“தாராளமா வெட்டுங்க தாத்தா. உங்க தோப்பு இந்தக் கணக்குலயே இல்ல.”

கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

“முப்பது வருஷமா வளர்த்திருக்கேன், கணக்குலயே இல்லையா?”