சிறகை எண்ணச் சொன்ன மாஸ்டர்

விலங்கியல் மாஸ்டர் காலமான செய்தி சென்ற ஒக்டோபரில் எங்கள் பழைய மாணவர் சங்க லண்டன் கிளையின் வட்சப் குழுவுக்கு வந்தது. இரங்கல் வரிகள் நிறைய வந்தன. எனக்கு ஒரு வரி போதவில்லை.

ஃபோமலின் மணமும், ஆய்வுகூடத்து வாங்குகளும், அவருடைய வெள்ளை வேட்டியும் நீங்கள் அறிந்தவை. விடுதிக் கிணற்றடி முருங்கை எல்லோருக்கும் கிடைத்ததில்லை. அது பூத்ததும் உயர்தர வகுப்பில் சிலரைக் கைவில்லையோடு அங்கே கூட்டிப்போவார். தேனீயோடு தேனீயாக, அதே தோற்றத்தில் ஹோவர்ஃபிளை என்ற ஈ வகை இலையானும் மொய்க்கும். "நிறத்தை விடும் தம்பி, மஞ்சளும் கறுப்பும் ஆரும் உடுத்தலாம். சிறகை எண்ணும்" என்பார்.

தேனீக்குச் சிறகு நான்கு, இலையானுக்கு இரண்டு. பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ். பறக்கையில் நிலை தளம்பாமல் காப்பது அதுதான். ஆனால் தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் நுண்ணிய கொளுக்கிகளால் கோத்துக்கொள்வதால் பல நேரம் இரண்டாகவே தெரியும். அப்போது முகத்தைப் பார்க்கச் சொல்வார். பெரிய கண்ணையும் நம்பக்கூடாது, ஆண் தேனீயின் கண்களும் உச்சியில் முட்டும். உணர்கொம்புதான் முடிவு சொல்லும். தேனீக்கு அது நீண்டு, இடையில் மடிந்திருக்கும். இந்த இலையானுக்குக் குட்டையாக, ஒற்றை மயிரோடு இருக்கும்.

கொட்டாத பிராணி கொட்டுவதன் உடுப்பைப் போட்டு உயிர் தப்புகிறது. 1862இல் இயற்கையியலாளர் ஹென்றி வோல்டர் பேட்ஸ் அமேசன் வண்ணத்துப்பூச்சிகளைக் கொண்டு விளக்கிய விஷயத்தை, மாஸ்டர் முருங்கையடியில் உயிரோடு காட்டினார்.

இங்கே இலையுதிர் காலத்தில் ஐவிக் கொடி பூக்கும்போது சுவரெல்லாம் இரைச்சல். ஆண் தேனீயின் அச்சாக எரிஸ்டாலிஸ் டெனக்ஸ் என்ற ஹோவர்ஃபிளை வந்திருக்கும். அதன் குடம்பி, அதாவது புழு, அழுகல் தண்ணீரில் கிடந்து, வால்போன்ற குழாயை மேலே நீட்டி மூச்செடுக்கும். செத்த மாட்டிலிருந்து தேனீ பிறக்கும் என்று பழைய கிரேக்கரும் ரோமரும் நம்பியதற்கு இந்த இலையானே காரணம் என்று 1894இல் பூச்சியியலாளர் ஓஸ்டன் சாக்கன் எழுதினார். மாஸ்டருக்கு இதைச் சொல்ல வேண்டுமென்று எத்தனையோ தரம் நினைத்தேன்.

ஹோவர்ஃபிளைக் குடும்பத்தில் பிரித்தானியாவில் 280 இனம் வரை உண்டு. அவற்றில் ஒரு நல்ல பங்கைப் பார்த்ததும் சொல்வேன். எங்கள் முருங்கைக்கு வந்தவற்றின் பெயர்தான் தெரியாது. கண்ணில் புள்ளி போட்ட ஒன்று வரும்; எரிஸ்டாலினஸ் பேரினம் என்பது வரை சொல்லலாம், அதற்கு மேல் இல்லை. எல்லாவற்றையும் பட்டியல் போடுவோம் என்று மாஸ்டர் ஒரு கொப்பி தொடங்கினார். அது பாதியில் நிற்க, நான் 84இல் விமானம் ஏறினேன். அதை அவர் தொடர்ந்தாரா, 95 யாழ்ப்பாண இடப்பெயர்வில் அதுவும் போயிற்றா, யாரிடம் கேட்பது? நான் அங்கே இருந்திருந்தால் இருவருமாக முடித்திருப்போம்.

ஊரில் இருக்கும் தம்பிமாரே, முருங்கை பூக்கும்போது கைத்தொலைபேசியில் படம் எடுத்துச் சங்கத்துக்கு அனுப்புங்கள். மேலிருந்து ஒன்று, சிறகு முழுதாகத் தெரிய; முன்னாலிருந்து ஒன்று, உணர்கொம்பு தெரிய. இருந்து வகை பிரிக்க எனக்கு இப்போது நேரம் இருக்கிறது. பட்டியலை மாஸ்டரின் பெயரிலேயே சங்கத்தின் அடுத்த மலரில் போடுவோம்.