பனியே இல்லாத ஊரில் பனிக்கோடரி

செப்டம்பர் 3

நவம்பர் கடைசியில் நியூசிலாந்து போவது உறுதியாகிவிட்டது. மவுண்ட் ஆஸ்பைரிங், 3033 மீட்டர், தென்மேற்கு முகடு. பெரும்பாலும் பனிச்சரிவுதான், உச்சியை நெருங்கும்போது மட்டும் செங்குத்தான ஓர் ஐஸ் பள்ளம் வரும். அடுத்த ஜூலையில் குவீன்ஸ்டவுன் பக்கம் வை கிரீக்கில் உறைந்த அருவிகளில் ஏறும் ஆசையும் இருக்கிறது. இரண்டுக்கும் ஒரே பனிக்கோடரி, அதாவது ஐஸ் ஆக்ஸ், போதுமா? 164 மீட்டர் புக்கிட் தீமாவே உச்சம் என்றிருக்கும் சிங்கப்பூரில் உட்கார்ந்து இதை யோசிப்பது வேடிக்கைதான்.

செப்டம்பர் 6

ராத்திரி முழுக்க விவரக்குறிப்புகளைப் படித்தேன். ஆக்ஸின் மேல் வட்டத்துக்குள் B அல்லது T இருக்கும். புதியவற்றில் 1, 2. B சாதாரணப் பனி நடைக்கு. T கூடுதல் பலம் தாங்கும். செங்குத்து ஐஸுக்கும், பனியில் புதைத்து நங்கூரமாக்கவும் நம்பலாம். தண்டுக்கும், ஐஸில் கொத்தும் கூர்மூக்கான அலகுக்கும் முத்திரை தனித்தனி. T தண்டில் B அலகு இருந்தால் அது குறை இல்லை. மெல்லிய அலகு ஐஸை அதிகம் சிதறடிக்காமல் இறங்கும். பாறை இடுக்கில் செருகித் திருகுவதற்குத்தான் T அலகு வேண்டும்.

செப்டம்பர் 13

டெய்ரி ஃபார்ம் குவாரியில் பாறை ஏறிவிட்டு, கூட ஏறும் அண்ணனிடம் பேச்சை எடுத்தேன். ஆல்ப்ஸ் போய் வந்தவர். "எல்லாரும் மேல அலகைத்தான் பார்ப்பாங்க. நீ முதல்ல அடிப்பக்கத்தைப் பாரு" என்றார். தன்னிடமிருந்த இரண்டையும் இரவல் கொடுத்தார்: ஒன்று நேர்த்தண்டு, மற்றது செங்குத்து ஐஸில் ஏறுவதற்கான, நன்றாக வளைந்த ஐஸ் டூல்.

செப்டம்பர் 14

விடியற்காலை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரை. ஈர மணல் பனி ஆகாது, ஆனாலும் அண்ணன் சொன்னது இங்கேயே விளங்கிவிட்டது. நேர்த்தண்டு குத்தியதும் பாதிவரை இறங்கியது. வளைந்த டூலின் அடியில் விரல் நழுவாமல் இருக்க ஒரு தாங்கி. அது மணலில் முட்டிக்கொண்டு நின்றுவிட்டது. பனிச்சரிவில் ஒவ்வொரு அடிக்கும் தண்டைக் குத்தி ஊன்றித்தான் ஏற வேண்டும், அங்கே இந்தத் தாங்கி தொல்லை. ஐஸ் சுவரில் தொங்கும்போதோ அதே தாங்கிதான் முன்னங்கையைக் காப்பாற்றும். சில மாடல்களில் அதை மடக்கவோ கழற்றவோ முடியும். நான் தேட வேண்டியது அதைத்தான்.

"என்னப்பா, சிப்பி தோண்டுறியா?" என்று கேட்டார் நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் ஐயா. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கினால் வெயில் ஏறிவிடும்.

செப்டம்பர் 20

எடை. அலுமினியத் தலை வைத்த கேம்ப் கோர்சா என்ற ஆக்ஸ் 200 கிராமை ஒட்டித்தான் இருக்கும், பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் கெட்டி ஐஸில் அது எகிறும். அடி ஆழமாக இறங்கத் தலையில் கனம் வேண்டும், எஃகு வேண்டும். கோர்சா நமக்கு வேண்டாம்.

செப்டம்பர் 27

1966-இல் அமெரிக்க மலையேறி இவான் ஷுயினார் பிரான்ஸின் ஷமோனி பக்கத்து போஸோன் பனியாற்றில் பலவித ஆக்ஸ்களைச் சோதித்துப் பார்த்து, ஆக்ஸ் செய்யும் ஷார்லே பட்டறையில் வளைந்த அலகு வைத்து 55 சென்டிமீட்டரில் ஒன்று செய்யவைத்தாராம். நேர் அலகு ஐஸிலிருந்து நழுவிக்கொண்டிருந்த காலம் அது. பின்னால் மேல்நோக்கி வளையும் எதிர்வளைவு அலகும் வந்தது. ஐஸில் பிடிக்கும், ஆட்டினால் சுலபமாகக் கழன்றும் வரும். ஆனால் சரிவில் வழுக்கி, உடல் எடையை அலகின் மேல் போட்டு நிறுத்தப் பார்த்தால் அது வெடுக்கென்று கொத்தும். கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போகலாம். தென்மேற்கு முகட்டுக்கு அந்த வகை அலகின் பக்கம் ரொம்பச் சாயக் கூடாது.

அக்டோபர் 4

சரி, முடிவெடுத்தாயிற்று. பெட்ஸல் நிறுவனத்தின் குவார்க் ரகம்: 50 சென்டிமீட்டர், சுமார் 550 கிராம், மிதமான வளைவு. தண்டு பனியில் இறங்கும், அலகை மாற்றிக்கொள்ளலாம். இப்போதைக்குப் படி வெட்டும் அட்ஸ் வைத்த ஒன்று மட்டும். ஆஸ்பைரிங் ஐஸ் பள்ளத்துக்கு இரண்டாவது கருவியை அங்கேயே வாடகைக்கு எடுப்பேன். ஜூலைக்கு முன் அதே மாடலில் சுத்தியல் வைத்ததை வாங்கினால் ஜோடி சேர்ந்துவிடும். வெவ்வேறு எடையில் இரண்டைப் பிடித்து வீசினால் கை குழம்பும் என்பது அண்ணன் கட்சி. அதே நிறுவனத்தின் நோமிக் போன்ற முரட்டு வளைவு நீண்ட அருவிகளுக்கும் தொங்கு ஐஸுக்கும் அருமை, நான் இன்னும் அங்கே போகவில்லை.

ஒரு குறை உண்டு: 50 சென்டிமீட்டர் கைத்தடிக்கு ஆகாது. ஆஸ்பைரிங் போகும் வழியிலுள்ள போனார் பனியாற்றின் சமதளத்தில் நடைக்கோல்தான்.

அக்டோபர் 11

பார்சல் வந்தது. "பத்தாவது மாடியில எதுக்குடா இது?" என்றார் அம்மா. கூர்முனைகளுக்கு ரப்பர் மூடி தனியாக வாங்க வேண்டும். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், செக்-இன் பையில்தான் போக வேண்டும். இடுப்பு ஹார்னஸோடு இணைக்கும் எலாஸ்டிக் கயிறும் பாக்கி. அதன் வேலை கருவி தவறி விழாமல் காப்பது, ஆளைத் தாங்குவது அல்ல.