ஒரே படகு, இரண்டு வேலை: ப்ரொப்பல்லர் தேடிய நாட்கள்

பிப்ரவரி 9

படகைக் கரையேற்றி மூன்று நாளாகிறது. ப்ரொப்பல்லரை இன்றுதான் கழற்ற முடிந்தது. இரவெல்லாம் எண்ணெய் ஊறவிட்டு, காலையில் புல்லரை மாட்டி இறுக்கி, அதன் நடு போல்ட்டில் ஒரே ஒரு தட்டு. டங்கென்று விடுபட்டது.

கத்தி முனையால் இதழின் ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தேன். மஞ்சளாக மின்ன வேண்டிய இடத்தில் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. உலோகத்தில் இருந்த துத்தநாகம் கரைந்துபோய் செம்பு மட்டும் சல்லடையாக மிஞ்சியிருக்கிறது. கயிற்றில் தொங்கவிட்டுத் தட்டினால் மணிச் சத்தம் வர வேண்டும். கீறல் விட்ட பானையின் சத்தம்தான் வருகிறது. இனி இது ஆகாது.

வாங்குவது முடிவாகிவிட்டது. எதை வாங்குவது? பழையதையே திரும்ப வாங்குவதா, அல்லது பல வருடமாக மனதில் கிடக்கும் ஆசைப்படி இதழின் சாய்வை, அதாவது பிட்ச்சை, மாற்றக்கூடியதையா?

பிப்ரவரி 11

பழைய ப்ரொப்பல்லரின் குடத்தில், அதாவது இதழ்கள் சேரும் நடுப்பகுதியில், 17 x 12 என்று பொறித்திருக்கிறது. குறுக்களவு 17 அங்குலம், பிட்ச் 12 அங்குலம். பிட்ச் என்பது ஒரு சுற்றுக்கு எவ்வளவு முன்னே போக வேண்டும் என்ற கணக்கு. தண்ணீர் இளகுவதால் அவ்வளவும் போகாது, ஒரு பங்கு நழுவும். ப்ரொப்பல்லரைச் சுழற்றும் ஷாப்ட் ஒரு நிமிடத்தில் சுற்றும் சுற்றுகளைப் பிட்ச்சால் பெருக்கி 1215-ஆல் வகுத்தால், நழுவலே இல்லாத பட்சத்தில் மணிக்கு எத்தனை கடல்மைல் என்று வந்துவிடும்.

என் எஞ்சின் 28 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 2800 சுற்று. கியர்பாக்ஸ் அதைப் பாதியாக்குவதால் ஷாப்ட்டுக்கு 1400. படகின் நீர்க்கோட்டு நீளம் 24 அடி. இந்த நீளத்துக்கு மணிக்கு ஆறரைக் கடல்மைலுக்கு மேல் போக நினைத்தால் படகு தான் எழுப்பிய அலையிலேயே ஏற வேண்டியிருக்கும். எந்த ப்ரொப்பல்லர் போட்டாலும் அந்த எல்லை மாறாது.

பழைய ஓட்டக் குறிப்புகளைப் புரட்டினேன். அமைதியான தண்ணீரில், சுமை இல்லாமல், 2000 சுற்றில் ஐந்தரை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மச்சானின் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு எதிர்க்காற்றில் வந்த அன்று? முழு ஆக்சிலேட்டர் கொடுத்தும் எஞ்சின் 2150-ஐத் தாண்டவில்லை, பின்னால் கறுப்புப் புகை, வேகம் மூன்றரை. 2800 வரை ஏறினால்தான் 28 குதிரையும் கிடைக்கும். நமக்குப் பலம் தேவைப்பட்ட அன்றுதான் ஐந்தாறு குதிரைகள் லாயத்திலேயே நின்றுவிட்டன. மூச்சு முட்டி ஓடியதில் எஞ்சினும் வெந்திருக்கும்.

அப்படியானால் பிட்ச்சை 10 ஆக்கினால் தீராதா? இழுவைக்குத் தீரும். ஆனால் அமைதியான நாளில் அதே ஐந்தரைக்கு 2400 சுற்று வரை கத்திக்கொண்டு போக வேண்டும்.

தண்டு வலிப்பவர்களுக்கு இது கைப்பழக்கம். எதிர்க்காற்றில் குட்டைக் குட்டையாக அடிக்கடி வலிப்பார்கள், படகு லேசாக ஓடும்போது நீளமாக, நிதானமாக வலிப்பார்கள். வார்ப்பு ப்ரொப்பல்லருக்கு ஒரே ஒரு வலிப்புதான் தெரியும்.

பிப்ரவரி 14

இன்று முழுக்கப் படிப்புதான். 'வேரியபிள் பிட்ச்' என்ற ஒரே பெயரில் மூன்று வெவ்வேறு பொருட்களை விற்கிறார்கள். இதைத் தெரிந்துகொள்ளாமல் பணம் கட்டியிருந்தால் ஏமாந்திருப்பேன்.

முதல் வகையில் பிட்ச்சைக் கரையில் வைத்து, திருகாணியிலோ பல்சக்கரத்திலோ ஒருமுறை அமைத்துவிட வேண்டும். மேக்ஸ்-ப்ராப் போன்றவை இந்த வகை. பாய் விரித்து ஓடும்போது இதழ்கள் நீரோட்டத்துக்கு நேராகத் திரும்பிக்கொள்ளும், இழுவை குறையும். அருமையான பொருள்தான். ஆனால் கடலில் இருக்கும்போது பிட்ச் மாறாது. எனக்கு வேண்டியதோ கடலிலேயே மாறுவது.

இரண்டாவது வகையான ஆட்டோப்ராப் தானே பிட்ச் தேடிக்கொள்ளும். இதழ்கள் கட்டில்லாமல் திரும்பும். சுழற்சியின் வெளித்தள்ளலும் தண்ணீரின் அழுத்தமும் சமமாகும் கோணத்தில் நிற்கும். பாயும் எஞ்சினும் சேர்ந்து ஓடுபவர்களுக்கு மிகவும் ஏற்றது. லிவர், கம்பி எதுவும் தேவையில்லை. இதன்மேல் எனக்கு நிஜமாகவே ஆசை வந்தது.

மூன்றாவதில் ஷாப்ட் உள்ளே குழல்போல் இருக்கும். அதற்குள் ஒரு கம்பி முன்னும் பின்னும் நகர்ந்து இதழ்களைத் திருப்பும், லிவர் நம் கையில் இருக்கும். டென்மார்க்கின் ஹூண்டஸ்டெட் இந்த வகை. நார்வேயின் சாப் டீசல் எஞ்சின்களும் சிறு மீன்பிடிப் படகுகளில் பல்லாண்டுகள் இப்படித்தான் ஓடின. பின்னால் போவதற்குக்கூட கியர் தேவையில்லை, இதழ்கள் மறுபக்கம் சாய்ந்தால் போதும். எனக்கு வேண்டியது இதுதான்.

அணைக்கட்டுகளில் இருக்கும் கப்லான் டர்பைனும் இதே யோசனைதான். தண்ணீரின் அளவுக்கேற்ப அதன் இதழ்கள் திரும்பும். விக்டர் கப்லான் 1913-இல் செய்தது. தண்ணீர் சக்கரத்தைச் சுற்றினால் மின்சாரம், சக்கரம் தண்ணீரைத் தள்ளினால் ஓட்டம்.

பிப்ரவரி 15

ராத்திரி ஒரு கணக்கு தூங்கவிடவில்லை. ப்ரொப்பல்லர் கேட்கும் சக்தி, ஏறக்குறைய சுற்றின் மூன்றாம் அடுக்காக ஏறும்: சுற்று இரட்டித்தால் சக்தி எட்டு மடங்கு. 2800-இல் 28 குதிரை கேட்கும் ப்ரொப்பல்லர், 2000-இல் பத்துக் குதிரைதான் கேட்கும். அதே 2000-இல் எஞ்சினால் இருபதுக்கும் மேல் தர முடியும். நடுவில் பாதி பலம் சும்மா கிடக்கிறது. பிட்ச்சைக் கூட்டினால் குறைந்த சுற்றிலேயே அதை எடுத்துக்கொள்ளலாம்.

ஆபத்தும் அங்கேதான். எவ்வளவு சுமை ஏற்றுகிறோம் என்று லிவருக்குத் தெரியாது. எனவே எஞ்சின் புகையின் சூட்டைக் காட்டும் எக்சாஸ்ட் வெப்பமானி இல்லாமல் இந்த வகையைப் பொருத்தவே கூடாது என்று எழுதிவைத்துக்கொண்டேன். அதன் முனை, குளிர்விக்கும் தண்ணீர் கலக்கும் இடத்துக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் வைத்தால் வெந்நீரின் சூட்டைத்தான் காட்டும்.

பிப்ரவரி 20

அளவெடுத்தேன். சுக்கானுக்கும் பின்கட்டைக்கும் நடுவே உள்ள சந்தில் அட்டையை வெட்டி வைத்து, பென்சிலால் வரைந்து, திரும்பத் திரும்ப ஒட்ட வைத்துப் பார்த்ததில் காலை போய்விட்டது. இதழ் நுனிக்கும் மேற்கட்டைக்கும் இடையில் 5.2 சென்டிமீட்டர். குறுக்களவில் பத்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும், 17 அங்குலத்துக்கு 4.3 சென்டிமீட்டர். தேறுகிறது. 18-க்கு ஆசைப்பட்டால் நுனி நெருங்கி, ஒவ்வொரு இதழ் கடக்கும்போதும் பலகை அதிரும்.

முன்பின் இடமும் பார்க்க வேண்டும். இதழைத் திருப்பும் உறுப்புகள் இருப்பதால் குடம் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். அட்டையில் குடத்தின் வடிவத்தை வெட்டி நிறுத்தி, சுக்கானை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்தேன். இரண்டு விரல் இடம் மிச்சம் இருக்கிறது.

குடம் பெருத்ததால் ஒரு சிறு நஷ்டமும் உண்டு. சரியாக அமைந்த வார்ப்பு ப்ரொப்பல்லர், தனக்கு உரிய அந்த ஒரு வேகத்தில், இதைவிடக் கொஞ்சம் நன்றாகவே தள்ளும். எப்போதும் ஒரே சுமை, ஒரே வேகம் என்று ஓட்டுபவர்கள் இதை வாங்க வேண்டாம். என் படகு அப்படிப்பட்டதல்ல.

பிப்ரவரி 23

பின்னால் எடுக்கும்போது என் படகின் பின்தலை இடப்பக்கம் விலகும். கரை அணைவதை அதை வைத்துத்தான் பழகியிருக்கிறேன். புதியதில் ஷாப்ட் எப்போதும் ஒரே திசையில் சுற்றும், முன்னே போனாலும் பின்னே போனாலும். என் கியர்பாக்ஸ் முன்னோட்டத்தில் ஷாப்ட்டை வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. எனவே இனிப் பின்தலை வலப்பக்கம் விலகும். இடஞ்சுழி வைத்தால் பழைய பழக்கம் நிற்கும். அதற்கு கியர்பாக்ஸை நாள்முழுக்கப் பின்னோக்கு நிலையில் ஓட்ட வேண்டும், கையேடு அதை அனுமதிக்கவில்லை. சரி, கையைத்தான் மாற்றிக்கொள்ள வேண்டும்.

மார்ச் 2

மெக்கானிக் அண்ணன் வந்திருந்தார். "கியர்பாக்ஸைத் தூக்கிடலாம்ல அண்ணே?" என்று கேட்டேன்.

"ரிவர்ஸ் வேண்டாம் தம்பி, சரி. சுற்றைப் பாதியாக்குறது யாரு? நேரா மாட்டினா 2800-ல சுத்தும். அந்த வேகத்துல 17 அங்குலம் தண்ணியை நுரையாக்கும், தள்ளாது."

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். பிட்ச் பூஜ்யத்தில் இருந்தாலும் ஷாப்ட் சுற்றிக்கொண்டே இருக்கும். பின்பக்கம் யாராவது தண்ணீரில் இறங்கினாலோ, கயிறு விழுந்தாலோ, லிவர் நடுவில் இருக்கிறது என்று நம்பக் கூடாது. கிளட்ச்சை விடுவித்து ஷாப்ட்டையே நிறுத்த வேண்டும். எனவே கியர்பாக்ஸ் இருக்கட்டும், கிளட்ச்சாகவும் சுற்றுக் குறைப்பாகவும்.

உள்கம்பி உடைந்தால்? அவர் கேட்ட கேள்வி, நான் யோசிக்காதது. விற்பவரிடம் கேட்டேன். படகுக்குள் இருக்கும் ஒரு நட்டை இறுக்கி முன்னோட்ட நிலையில் பூட்டிக்கொள்ளலாம் என்று படத்தோடு விளக்கினார். கம்பி அந்த நட்டுக்கும் லிவருக்கும் நடுவே உடைந்தால் மட்டும் அது உதவும். குடத்துக்குள் உடைந்தால் பாய்தான்.

மார்ச் 5

லிவர் வகைக்கே ஆர்டர் சொல்லிவிட்டேன். 17 அங்குலம், மூன்று இதழ். இரண்டு இதழ் என்றால் பாய் ஓட்டத்தில் பின்கட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்தான். ஆனால் இந்தக் குறுக்களவில் 28 குதிரையைத் தாங்க இரண்டின் பரப்பு போதாது. இதழ்கள் நீரோட்டத்துக்கு நேராகத் திரும்பும் நிலை வரை லிவர் போகும்.

ஏப்ரல் 19

பொருத்தியாயிற்று. குழல் ஷாப்ட் பருமன் கூடியதால், அது படகைத் துளைத்து வெளியே வரும் குழாயான ஸ்டெர்ன் டியூபையும் மாற்ற வேண்டி வந்தது. அதற்கே நான்கு நாள். இதழ் அடிகளில் கிரீஸ் செலுத்தி, லிவரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நூறு தடவையாவது தள்ளியிருப்பேன். மூன்று இதழ்களும் ஒன்றுபோல் மெல்லத் திரும்புவதைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். கண்ணை எடுக்க முடியவில்லை. ப்ரொப்பல்லருக்குப் பதிலாகத் தான் கரையும் துத்தநாகக் கட்டியான ஜிங்க் ஆனோடும் புதிதாக மாட்டியாயிற்று, பழைய இளஞ்சிவப்பு இதழை மறக்கவில்லை.

ஏப்ரல் 27

தண்ணீரில். பிட்ச் பூஜ்யத்தில் எஞ்சினைக் கிளப்பி, கிளட்ச்சைப் போட்டு, லிவரை மெதுவாக முன்னே தள்ளினேன். கியர் விழும் அந்த 'டக்' இல்லை. படகு தானாக நினைத்துக்கொண்டு நகர்ந்ததுபோல் இருந்தது.

நிறுத்தம் மட்டும் கொஞ்சம் மந்தம். இதழின் முறுக்கு முன்னோட்டத்துக்காக வளைத்தது, மறுபக்கம் சாயும்போது அது பொருந்தாது. பின்தலை வலப்பக்கம் போனது. தெரிந்திருந்தும் முதல் தடவை கை தவறான பக்கம் சுக்கானைத் திருப்பியது.

மதியம் மச்சானின் படகைக் கட்டி இழுத்தோம். காற்று எதிரே. லிவரைப் பின்னால் இழுத்துப் பிட்ச்சைக் குறைத்தேன். எஞ்சின் 2700-க்கு ஏறியது, வேகம் நான்கைத் தாண்டியது, மச்சான் பின்னாலிருந்து "புகையே காணோமே!" என்று கத்தினார்.

திரும்பும்போது தனியாக. காற்று அடங்கியிருந்தது. சுற்றை 1700-க்கு இறக்கி, வெப்பமானியைப் பார்த்தபடியே லிவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினேன். முள் சிவப்புக் கோட்டுக்கு நன்றாகக் கீழே நின்றது. வேகம் ஐந்தரை. முன்பு 2000-இல் ஓடிய அதே வேகம். உட்கார்ந்த இடத்திலிருந்து அணியத்தில் தண்ணீர் பிரியும் சத்தம் கேட்டது.

லிவர் தட்டில் இழுவைக்கு ஒரு கோடும், தனி ஓட்டத்துக்கு ஒரு கோடும் வெள்ளைப் பெயிண்டால் போட்டிருக்கிறேன். இன்னும் காயவில்லை.