பூட்டிய கதவும் என்னுடைய ‘பரவாயில்லை’யும்

இரண்டரை வருடம் போனேன். அதில் முதல் எட்டு மாதத்தை வீணடித்தேன் என்றுதான் இன்றைக்கும் எனக்குத் தோன்றுகிறது (என் தெரபிஸ்டைக் கேட்டால் எதுவும் வீணில்லை என்பார், அவர் அப்படித்தான் சொல்லியாக வேண்டும்). ஆழ்மனத்துக்குள் இறங்கிப் பார்க்கிற உளசிகிச்சை, சைக்கோடைனமிக் தெரபி என்கிறார்களே, அதற்குப் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன். இந்த வழியைத் தொடங்கிவைத்த ஃப்ராய்ட் யார், நனவிலி மனம் (நமக்கே தெரியாமல் நம்மை நடத்துகிற மனப்பகுதி) என்றால் என்ன என்பதெல்லாம் ஓரளவு தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நான் எங்கெங்கே இடறினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தூக்கம் வரவில்லை என்றுதான் படிவத்தில் எழுதினேன். உண்மையான காரணம் வேறு. வேண்டியவர்களுக்கெல்லாம் ஓடி ஓடிச் செய்வேன், ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன், அப்புறம் ஒருநாள் எந்த அறிகுறியும் காட்டாமல், மிக மரியாதையாக, அவர்கள் வாழ்க்கையிலிருந்து கழன்றுகொள்வேன். மூன்று நட்பும் ஒரு வேலையும் இப்படிப் போயின. நான்காவது நட்பும் அதே பக்கம் சாய்வது தெரிந்தபோதுதான் பயம் வந்தது.

முதலில் பார்த்தவர் மூச்சுப் பயிற்சியும் தினசரி அட்டவணையும் கொடுத்தார். தப்பே இல்லை, பதற்றத்துக்கு அது நல்ல வழி, பலருக்கு அது போதும். ஆனால் ‘ஏன் இப்படி ஆகிறேன்’ என்பது என் கேள்வி, அதற்கு அங்கே இடமில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை என்பது வேறு விஷயம்.

இரண்டாமவரைப் பற்றித்தான் எச்சரிக்க வேண்டும். பாதி நேரம் தன் கதையைச் சொல்வார். ஒருமுறை தயங்கித் தயங்கி, இங்கே எனக்கு அவ்வளவு இயல்பாக இல்லை என்றேன். “இதற்குப் பெயர்தான் எதிர்ப்பு, உங்கள் ஆழ்மனம் சிகிச்சையைத் தடுக்கிறது” என்று ஒரே போடாகப் போட்டார். எதிர்ப்பு என்ற கருத்து நிஜமாகவே இந்தத் துறையில் உண்டு, நமக்கு வலிக்கிற இடத்தை நெருங்கும்போது நாமே பேச்சை மாற்றுவோம், தாமதமாக வருவோம், மறப்போம். அதற்காக, வந்தவர் குறை சொன்னாலே அதை அவர் தலையில் திருப்பிக் கட்டுவதற்கான ஆயுதமா அது? குறை சொன்னதும் ‘என்ன நடந்தது, சொல்லுங்கள்’ என்று கேட்காமல் உங்களுக்கே நோய்ப்பெயர் சூட்டுகிறவரிடம் தங்காதீர்கள். நான் தங்கினேன். இன்னும் நான்கு வாரம் போனேன். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல்தான் சிகிச்சைக்கே வந்திருக்கிறேன், அதை எப்படி அவரிடம் சொல்வேன்?

மூன்றாவதாக ஒரு சிகிச்சை மையம். ஆறு பக்கப் படிவம். பிறந்ததிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருந்தார்கள், இரண்டு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன், எழுதும்போதே ஒருமுறை அழுதேன். ஒன்றரை மாதம் கழித்து விசாரித்தால், முன்மேசையில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், “உங்கள் பெயரில் எதுவும் இல்லையே, வேறு படிவம் தரட்டுமா?” என்றார். பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே சொல்லி, அங்கேயே உட்கார்ந்து மறுபடி எழுதிக் கொடுத்தேன். நிரப்பும் படிவத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு மாதம் காத்திருந்தேன்.

தெரபிஸ்ட் என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். விதிகளை முதல் நாளே சொன்னார்: வாரம் ஒருமுறை, 50 நிமிடம், அதே கிழமை, அதே நேரம், முன்கூட்டிச் சொல்லாமல் தவறவிட்டால் அதற்கும் கட்டணம். இந்த முறை நானும் கேட்கவேண்டியதைக் கேட்டேன், என்ன பயிற்சி, தன் வேலையை மூத்தவர் யாரிடமாவது கொண்டுபோய்ப் பேசுகிறாரா, அவரே இந்த மாதிரிச் சிகிச்சையில் இருந்திருக்கிறாரா. கடைசிக் கேள்வி அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம், ஆனால் ஃப்ராய்ட் உருவாக்கிய உளப்பகுப்பாய்வு முறைக்கான பயிற்சியில் பயில்பவரும் தன்னைப் பகுப்பாய்வுக்கு உட்படுத்திக்கொள்ள வேண்டும் என்பது நெடுநாள் நிபந்தனை. முகம் சுளிக்காமல் பதில் சொன்னார்.

அப்புறம்தான் அந்த வீணான எட்டு மாதம். போவதற்கு முன் போனில் குறிப்பெழுதிக்கொண்டு போவேன். சுவையாகச் சொல்வேன். அவர் சிரித்தால் அன்றைக்கு நல்ல செஷன் என்று நினைத்துக்கொள்வேன். ஊரில் உள்ள உளவியல் கட்டுரை எல்லாம் படித்துவிட்டு, யுங் என்ற உளவியலாளர் சொல்கிற ‘நிழல்’, அதாவது நாமே ஏற்க மறுத்து ஒளித்துவைக்கிற பக்கம், என்னிடம் இப்படி வேலை செய்கிறது பாருங்கள் என்று விளக்கம் கொடுப்பேன். 1895லேயே ப்ராயர் என்ற மருத்துவரும் ஃப்ராய்டும் எழுதியிருக்கிறார்கள், உணர்ச்சி கூடவே வராமல் நினைவு மட்டும் திரும்பி வந்தால் அநேகமாகப் பலனிருக்காது என்று. அதையும் அவரிடம் சொன்னேன், எந்த உணர்ச்சியும் இல்லாமல், மிக நேர்த்தியாக. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. என்னைப் பற்றிய காரணங்கள் அத்தனையும் எனக்கு மனப்பாடம், ஒன்றும் மாறவில்லை, தூக்கமும் வரவில்லை.

நடுவில் ஒரே ஒரு நாள் விதிவிலக்கு. ஒரு கனவு. தெரிந்த வீட்டில் தெரியாத ஓர் அறை, எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள், நான் மட்டும் நிற்கிறேன், யாரும் உட்காரச் சொல்லவில்லை. உடனே அறை என்றால் என்ன, வீடு என்றால் என்ன என்று அர்த்தம் சொல்லத் தொடங்கினேன். அவர் குறுக்கிட்டு, “நின்றபோது எப்படி இருந்தது?” என்று மட்டும் கேட்டார். “கால் வலித்தது” என்று என் வாய் சொன்னது. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை. கனவுக்குப் பலன் சொல்லும் பட்டியல்களைத் தூக்கிப் போடுங்கள், அந்தக் கனவு உங்களுக்கு எதை நினைவுபடுத்துகிறது என்பதுதான் இங்கே கணக்கு.

இன்னொரு கெட்ட பழக்கமும் இருந்தது. முக்கியமான விஷயத்தைக் கடைசி ஒரு நிமிடத்தில், கதவில் கை வைத்துக்கொண்டு சொல்வேன். “அப்புறம், அக்கா என்னோடு பேசி ஆறு வருடமாகிறது, சரி, அடுத்த வாரம் பார்க்கலாம்.” பலரும் இப்படிச் செய்வார்களாம். அடுத்த வாரம் அதைத் தொடரவும் மாட்டேன். பேசத் தயக்கமான விஷயம் இருந்தால் உட்கார்ந்த உடனேயே, ‘இன்றைக்கு ஒன்று இருக்கிறது, சொல்லப் பயமாக இருக்கிறது’ என்று அந்தப் பயத்தையாவது முதலில் சொல்லிவிடுங்கள்.

இனிதான் விஷயம். ஒரு வாரம் போனேன், அறை பூட்டியிருந்தது. வேலையில் அரைநாள் விடுப்புப் போட்டு, இரண்டு பஸ் மாறிப் போயிருக்கிறேன். போன் எடுக்கவில்லை. படியில் உட்கார்ந்தேன். முதலில் அவருக்கு என்ன ஆயிற்றோ என்று கவலை, அப்புறம் நான்தான் நாளை மாற்றிப் புரிந்துகொண்டேனோ என்று சந்தேகம், முழுதாக 50 நிமிடம் உட்கார்ந்துவிட்டு, “நலமாக இருக்கிறீர்களா? நான் வந்திருந்தேன், பரவாயில்லை, அடுத்த வாரம் சந்திப்போம்” என்று செய்தி அனுப்பிவிட்டு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் அவர் சுற்றிவளைக்கவில்லை. தன் நாட்குறிப்பில் தவறாகக் குறித்துவிட்டதாகவும், முழுக்கத் தன் பிழை என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் பதறிப்போய் அவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினேன். யாருக்கும் நடக்கும், உங்களுக்கு எவ்வளவு வேலை, எனக்கும் அன்றைக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைத்தது என்றெல்லாம். கால்மணி நேரம் கேட்டுவிட்டு, “என்னைச் சமாதானப்படுத்துகிறீர்கள். படியில் உட்கார்ந்திருந்தவரைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லையே” என்றார். கோபமெல்லாம் இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வாரம் செஷனையே மறந்துவிட்டேன். சத்தியமாக மறந்தேன், ராத்திரி பல் துலக்கும்போதுதான் நினைவு வந்தது. அதற்கடுத்த வாரம் வேலை அதிகம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டேன். மூன்றாவது வாரம், சிகிச்சையை முடித்துக்கொள்கிறேன் என்று ஒரு செய்தி எழுத உட்கார்ந்தேன். அழகாக வந்தது. ‘உங்களுக்கு என்றென்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்’ என்று ஒரு வரி. அந்த வரியை எங்கேயோ படித்திருக்கிறோமே என்று உறுத்தியது. போனில் தேடினேன். நான்கு வருடத்துக்கு முன் ஒரு நண்பருக்கு நான் அனுப்பிய கடைசிச் செய்தி, அதே வரி, அதே முற்றுப்புள்ளி.

கை சில்லிட்டுவிட்டது. மறந்துபோனதை மனிதர் நினைவுகூர்வதில்லை, செய்கையாகத் திரும்பச் செய்கிறார், திரும்பச் செய்கிறோம் என்பதும் அவருக்குத் தெரிவதில்லை என்று 1914இல் ஃப்ராய்ட் எழுதியதை அடிக்கோடிட்டுப் படித்த ஆள் நான். அடிக்கோடிட்டு என்ன பயன். எட்டு மாதமாக அந்த நட்புகள் ஏன் முறிந்தன என்று விளக்கிக்கொண்டிருந்தேன், அதே முறிவு அதே அறையில் அதே வரிசையில் நடந்துகொண்டிருந்தது.

செய்தியை அனுப்பவில்லை. போனேன். போனால், நான் மறந்த செஷனுக்குக் கட்டணச் சீட்டு வைத்திருந்தார்! எனக்கு வந்ததே ஒரு குரல், அது என் குரல்தானா என்று எனக்கே தெரியவில்லை. “நீங்கள் மறந்தால் மன்னிப்பு, நான் மறந்தால் கட்டணமா? 50 நிமிடம் படியில் உட்கார வைத்தீர்களே!” கத்திவிட்டு உடனே அவர் முகத்தைப் பார்த்தேன். முகம் மூடிக்கொள்ளும் என்று காத்திருந்தேன். மூடவில்லை. “நியாயமான கேள்வி” என்றார். “இதைச் சொல்ல மூன்று வாரம் ஆயிற்று. சொன்னால் என்ன ஆகும் என்று நினைத்தீர்கள்?”

என்ன ஆகும் என்று அவருக்குச் சொல்லும்போதுதான் அழுதேன். எங்கள் வீட்டில் யாராவது எதிர்த்துப் பேசினால் அம்மா பேசாமல் இருந்துவிடுவார், நாள் கணக்கில், சிலசமயம் வாரக் கணக்கில். அக்கா சண்டை போடுவாள். நான் அம்மாவின் பின்னாலேயே நின்றுகொண்டிருப்பேன், ஏதாவது வேலை சொல்லமாட்டாரா என்று. இதெல்லாம் எனக்குத் தெரியாததா, முதல் மாதமே சொல்லியிருந்தேன். ஆனால் அன்றைக்குத்தான் கால் வலித்தது.

அவர் தரவேண்டிய 50 நிமிடத்தை வேறொரு நாளில் தந்தார். என் கட்டணம் அப்படியே நின்றது, விதி விதிதான் என்றார். கட்டினேன். எரிச்சலோடு கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கட்டினேன், அது எனக்கு எவ்வளவு புதிது என்பதை என்னை மாதிரி ஆட்கள்தான் புரிந்துகொள்வார்கள்.

பிறகு தெரிந்துகொண்டேன், சிகிச்சை உறவில் வருகிற இந்த விரிசலையும் அதைச் சரிசெய்வதையும் பற்றியே ஜெரமி சாஃப்ரன், கிறிஸ்டஃபர் முரான் என்ற இருவர் பல ஆண்டு ஆராய்ந்திருக்கிறார்கள். சிலர் நேருக்கு நேர் மோதுவார்கள், சிலர் ஒத்துப்போவதுபோல் நடித்துக்கொண்டே பின்வாங்குவார்கள் என்று பிரிக்கிறார்கள். பின்வாங்குகிறவர்களை வெளியிலிருந்து கண்டுபிடிப்பது கஷ்டம், ஏனென்றால் நாங்கள்தான் மிக நல்ல வாடிக்கையாளர்கள். ஆகவே விட்டுவிட வேண்டும் என்று தோன்றினால் விடுங்கள், உங்கள் உரிமை, ஆனால் வெறும் செய்தி அனுப்பி விலகிவிடாதீர்கள். ஒருமுறை நேரில் போய்ச் சொல்லிவிட்டு விடுங்கள். அவர் அதை எப்படி வாங்கிக்கொள்கிறார் என்பதிலேயே அவர் நல்ல தெரபிஸ்டா என்பது தெரிந்துவிடும்.

மீதி ஒன்றேமுக்கால் வருடம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. அதே விஷயம் நாற்பது உருவத்தில் வந்தது. ஒருநாள் அலுவலகத்தில் ஒரு வேலையை முடியாது என்று சொல்லிவிட்டு, அன்றிரவு முழுக்க விழித்துக் கிடந்தேன். அக்காவுக்குப் போன் செய்தேன், பதினோரு நிமிடம் பேசினோம். “நீ மட்டும் எப்பவும் நல்ல பேர் வாங்கிட்டே இருந்தே, அது எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சியா?” என்றாள். யோசித்ததே இல்லை. இன்னும் நாங்கள் ஒட்டிக்கொள்ளவில்லை, ஆனால் பேச்சு நிற்கவில்லை.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கத்திய அந்த நாளுக்குப் பிறகு இரண்டு மாதம் நான் முன்பைவிட மோசமாக இருந்தேன். இது நடக்கும், நடந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அடுத்த செஷன்வரை காத்திருக்கவே கூடாது, உடனே மனநல மருத்துவரிடமோ அவசரப் பிரிவுக்கோ போகவேண்டும். மருந்தும் இந்தச் சிகிச்சையும் சேர்ந்தே போகலாம்.

முடிக்கும்போதும் தூக்கம் முழுதாகச் சரியாகவில்லை, ஏமாற்றமாகத்தான் இருந்தது. லண்டனில் டாவிஸ்டாக் என்ற மனநலச் சிகிச்சை மையத்தில் நடந்து 2015இல் வெளியான ஆய்வைப் படித்தது கொஞ்சம் ஆறுதல்: எதற்கும் மசியாத நெடுநாள் மனச்சோர்வு உள்ளவர்களுக்கு 18 மாதம் இந்த வகைச் சிகிச்சை கொடுத்தார்கள், முழுக்க நலமானவர்கள் சிலரே, ஆனால் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற மற்றவர்களோடு வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தது முடித்த பிறகு வந்த இரண்டு வருடத்தில்தான். எனக்கு முடிந்து ஐந்து மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள் தூங்குகிறேன்.

போன மாதம் அந்த மையத்திலிருந்து கருத்துப் படிவம் வந்தது, நான்கு பக்கம். எல்லாவற்றுக்கும் நல்ல மதிப்பெண்தான் போட்டேன். கடைசியில் ‘வேறு ஏதேனும் சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று ஒரு கட்டம். என் ஆறு பக்கப் படிவத்தைத் தொலைத்ததைப் பற்றி எழுதத் தொடங்கினேன், கட்டம் போதவில்லை, பின்பக்கத்திலும் எழுதினேன். நகல் வைத்திருக்கிறேன்.