ஏற்றம் வேறு, இறக்கம் வேறு

சாய்வுப் பாடத்துக்கு, சேலம் போகும் ரோட்டில் இருக்கும் தொப்பூர் கணவாயை எடுத்தது தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். தர்மபுரிப் பிள்ளைகளுக்கு அதைவிடத் தெரிந்த இறக்கம் எது? போர்டில் கோடு போட்டு, மேலே (0, 6), கீழே (4, 4) என்று இரண்டு புள்ளி வைத்தேன். ஒய் வித்தியாசத்தை எக்ஸ் வித்தியாசத்தால் வகுத்தால் சாய்வு மைனஸ் அரை. எந்தப் புள்ளியிலிருந்து தொடங்கினாலும் அதே மைனஸ் அரைதான் என்றேன்.

ஒரு பையன் எழுந்தான். "சார், (0, 6) மாதிரி வரிசைச் சோடியில வரிசை மாறக் கூடாதுன்னு சொன்னீங்க. இங்க மட்டும் மாறலாமா? எங்கப்பா லாரிக்கு ஏத்தம் வேற, இறக்கம் வேற சார்."

"பரீட்சைக்கு அதெல்லாம் வேண்டாம், உட்காருப்பா" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

பத்தாம் வகுப்பு. திருப்புதல் தேர்வு நெருங்கிவிட்டது, ஆயத்தொலை வடிவியலில் பாதி பாக்கி. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் நான் பரீட்சைக்காகவா சொன்னேன்? அந்த நிமிடம் என்னிடம் சூத்திரம் இருந்தது, பதில் இல்லை.

ராத்திரிதான் பிடிபட்டது. (0, 6) என்பதை (6, 0) என்று எழுதினால் இடமே மாறிவிடும். புள்ளிகளை முன்பின்னாக எடுத்தால் வகுத்தலில் மேலேயும் கீழேயும் குறி சேர்ந்தே மாறுகிறது, விடை நிற்கிறது. அந்தக் கோட்டின் சமன்பாடு ஒய் = 6 − எக்ஸ்/2. அதில் உயரம் இருக்கிறது, தூரம் இருக்கிறது. வண்டி சேலத்துக்குப் போகிறதா, சேலத்திலிருந்து வருகிறதா என்பது இல்லை. மைனஸ் என்பது நான் இடமிருந்து வலமாகப் பார்த்ததால் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் நின்று வரைந்தால் அதே ரோடு பிளஸ் அரை.

மறுநாள் அவனிடம் சொன்னேன். "சரிங்க சார்" என்றான். அவ்வளவுதான்.

அவன் கேட்டது குறியைப் பற்றித்தானா என்று அப்புறம்தான் சந்தேகம் வந்தது. பாரம் ஏற்றிய லாரி நியூட்ரலில் இறங்கி, பிரேக் பிடிக்காமல் இரட்டைப் பாலத்துப் பக்கம் போய் மோதுவதை இந்த ஊரில் கேள்விப்படாத பிள்ளை இல்லை. அப்பா இறங்கி வரும் ரோட்டை நான் மைனஸ் அரை என்று முடித்துவிட்டேன். அல்லது நானாக இதையெல்லாம் ஏற்றிப் பார்க்கிறேனோ என்னவோ.

இந்த வருடம் அதே பாடத்துக்குச் சுவரில் சாய்த்த ஏணியை வரைந்தேன். யாரும் எதுவும் கேட்கவில்லை.