தாத்தாவின் ஏர்கன்னுக்குக் கறுப்பேற்றிய ஆறு வாரம்

போன மே மாதம் கோலார் தங்கவயலில் எங்கள் பழைய லைன் வீட்டைக் காலி செய்யப் போனபோது, பரணில் கோணிப்பையில் சுற்றிக் கிடந்தது இந்த ஏர்கன். தாத்தா சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர், 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடுவதற்குப் பல வருடம் முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். தங்கம் பிரித்த பின் கொட்டிய கழிவு மண் குவிந்த சயனைடு மேட்டின் ஓரத்தில் தகர டப்பாக்களை வரிசையாக வைத்து அப்பாவும் சித்தப்பாவும் சுட்டுப் பழகியது இதில்தான். குழலை மடக்கி 0.177 குண்டு போடும் வகை, அதாவது 4.5 மில்லிமீட்டர். ஜெர்மனியின் டயானா துப்பாக்கிகளைப் பார்த்து இங்கேயே செய்தது, யார் செய்தது என்ற பெயர் துருவில் போய்விட்டது.

பழைய ரிவால்வர்களின் துருவைத் தேய்த்தெடுத்து, இரும்புக்கு மறுபடியும் கறுப்பு நிறம் ஏற்றும் வேலையை நான் வருடக்கணக்காகப் படித்தும் பார்த்தும் வருகிறேன், ஆனால் அதை நம் ஊரில் வீட்டில் செய்ய முடியாது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்ப்பதற்கே தனி உரிமம் வேண்டும். ஏர்கன் வேறு. 2016 விதிகளின்படி 0.177க்கு மேல் போகாமலும் குண்டு குழலை விட்டு வெளியேறும்போது அதன் ஆற்றல் 20 ஜூலுக்குள்ளும் இருந்தால் உரிமம் தேவையில்லை. இரும்பும் துருவும் வேலையும் ரிவால்வருக்கு எப்படியோ இதற்கும் அப்படியே, அதனால் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பொருள் கிடைக்காது என்று பெங்களூர் அல்சூரில் இருக்கும் என் வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன்.

வந்த அன்றே எமரி தாளை எடுக்காமல் மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் துடைத்துப் பார்த்தது நல்லதாகப் போயிற்று. காற்று அழுத்தும் பெரிய குழாயின் அடியில், துப்பாக்கியின் மரக்கட்டை மூடியிருந்த இடத்தில், நாலு இலக்கம் வரிசையாகப் பஞ்ச் அடித்திருந்தது. அப்பாவிடம் ஃபோனில் சொன்னேன். "அது அவர் டோக்கன் நம்பர்டா. தினமும் ஷிஃப்ட்டுக்குப் போகும்போது அந்தப் பித்தளை வில்லையைக் காட்டித்தான் உள்ளே போவார்" என்றார். சரி, அந்த நாலு இலக்கம் அழியக் கூடாது. மற்ற எல்லா முடிவும் இதிலிருந்துதான் வந்தது.

பிரிக்கும்போது ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். பின்பக்க மூடியைக் குறுக்கே இரண்டு பின் பிடித்திருக்கின்றன, உள்ளே ஸ்பிரிங் எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். பின்னைத் தட்டிவிட்டால் மூடி முகத்துக்கு நேராகப் பாயும். பக்கத்துத் தெரு ஆசாரியிடம் மரச் சட்டங்களை இறுக்கிப் பிடிக்கும் நாலடி சாஷ் கிளாம்ப் கடன் வாங்கி, குழாயை நீளவாக்கில் பிடித்து, மூடியை அழுத்திக்கொண்டே பின்னை எடுத்து, அப்புறம் கிளாம்ப்பை அரை அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். ஸ்பிரிங் ஏறக்குறைய ஒரு சாண் வெளியே வந்தது. திருகுகளுக்கு, காடியில் இறுக்கமாக உட்காரும்படி ஒரு மலிவான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை அரத்தால் ராவிக்கொண்டேன். தலை சிதைந்த திருகு இருந்தால் மீதி வேலை எவ்வளவு நன்றாக இருந்தாலும் கண் அங்கேதான் போகும்.

டிரிகர் கார்டு, பின் மூடி போன்ற சின்னச் சாமான்களில் துரு கெட்டியாக இருந்தது. மொட்டை மாடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஐந்து லிட்டர் தண்ணீருக்கு ஒரு பெரிய கரண்டி சலவை சோடா, 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். துருப்பிடித்த சாமான் எதிர்முனையில், ஒரு துண்டு கட்டடக் கம்பி நேர்முனையில். இரண்டும் தொடக் கூடாது. நேர்முனைக்கு எவர்சில்வர் போடவே கூடாது, அதிலிருக்கும் குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வருவதால் திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும். ஸ்பிரிங்கை இதில் போடவில்லை, ஹைட்ரஜன் எஃகுக்குள் போனால் ஸ்பிரிங் ஒரு நாள் சொல்லாமல் ஒடியும். ஐந்து மணி நேரத்தில் துரு கறுப்புச் சேறாகி, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தாலே வந்தது.

பெரிய குழாயும் குழலும்தான் பொறுமையைக் கேட்டன. துருக்குழிகள் இருந்தன. பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், "பஃப் வீல்ல ரெண்டு நிமிஷம் குடுத்தா கண்ணாடி மாதிரி ஆயிடும் தம்பி" என்றார். ஆகும்தான். ஆனால் விளிம்புகள் மழுங்கும், திருகு ஓட்டையின் வாய் அகன்று கிண்ணம் மாதிரி ஆகும், டோக்கன் நம்பர் பாதி கரையும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு மரச் சட்டத்தில் எமரி தாளைச் சுற்றி, சொரசொரப்பான 220ஆம் நம்பர் தாளில் ஆரம்பித்து 320, 400 என்று நைசான தாளுக்குக் கையாலேயே, ஒரு தாளில் குறுக்காகவும் அடுத்த தாளில் நீளவாக்கிலும் தேய்த்தேன். முந்தின தாளின் கோடு முழுதும் மறைந்த பிறகுதான் அடுத்தது. எண்ணைச் சுற்றி ஒரு அங்குலம் விட்டுவிட்டேன், அங்கே எண்ணெயும் ஸ்டீல் வுல்லும் மட்டும். 400க்கு மேல் போகவில்லை. நான் செய்யப்போன முறைக்கு ரொம்ப வழவழப்பான பரப்பு உதவாது, துரு பிடித்துக்கொள்ள அதற்கு ஒரு பிடிமானம் வேண்டும். மூன்று ஞாயிறு இதிலேயே போயிற்று. கறுப்பின் அழகு முக்கால்வாசி இங்கேயே முடிவாகிவிடுகிறது, கரைசல் மீதிக் கால்வாசியைத்தான் செய்கிறது.

முறை இதுதான். இரும்பை வேண்டுமென்றே மெல்லியதாகத் துருப்பிடிக்க விட்டு, அந்தச் செந்துருவைக் கொதிநீரில் போட்டால் அது மேக்னடைட் என்ற கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறுகிறது. மேலே தளர்ந்து நிற்கும் கருந்தூளை மெல்லத் துடைத்தெடுத்துவிட்டு மறுபடியும் அதையே. ஒவ்வொரு சுற்றிலும் கறுப்பு கொஞ்சம் ஆழமாகிறது. பழைய நல்ல துப்பாக்கிகள் பலவற்றுக்கு இப்படித்தான் செய்திருக்கிறார்கள். கடையில் விற்கும் உடனடிக் கறுப்பு மருந்தைத் துடைத்த மாத்திரத்தில் நிறம் வரும், கையில் எடுத்துப் பழகினால் சில மாதத்தில் போயும்விடும்.

முதலில் ஒரு பழைய ஸ்பேனரில் ஹைட்ரஜன் பெராக்சைடும் உப்பும் கலந்து தடவிப் பார்த்தேன். வேகமாகத் துருப்பிடித்தது, ஆனால் உப்பு இரும்பைக் குத்திக் குத்திப் புள்ளி போட்டுவிட்டது. அதனால் மெதுவாகத் துருவேற்றும் கரைசலைத் தனியாக வரவழைத்தேன். கொதிக்க வைக்க நீளமான பாத்திரம் தேவைப்பட்டதால் வெல்டிங் கடையில் இரண்டரை அடிக்கு ஒரு எவர்சில்வர் தொட்டி செய்து வாங்கினேன், அது கேஸ் அடுப்பின் இரண்டு பர்னர் மேலும் சரியாக உட்காருகிறது.

ஜூன் மாதம் பெங்களூரில் இதற்கென்றே வந்த மாதம் மாதிரி இருந்தது. மழைக்காற்றில் தானாகவே ஈரம் இருந்தது, அதோடு குளியலறையில் ஒரு வாளி வெந்நீர் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் போதும். அசிட்டோனால் இரண்டு முறை துடைத்து, ரப்பர் கையுறை போட்டு, பஞ்சைக் கரைசலில் நனைத்து நன்றாகப் பிழிந்து, ஒரே இழுப்பாக ஒரு முறை மட்டும் தடவ வேண்டும். போன இடத்தில் திரும்பப் போனால் செம்பு நிறத்தில் திட்டு விழும். நாலு மணி நேரத்தில் குழாய் முழுக்க ஆரஞ்சு நிறத்தில் பூஞ்சை மாதிரி மெல்லிய துரு. அதைத் தொட்டியில் இறக்கினால், என் கண் முன்னாலேயே ஐந்து நிமிடத்தில் கறுப்பு வெல்வெட்டாக மாறியது. எத்தனை படித்திருந்தாலும் இதை நேரில் பார்ப்பது வேறு. அப்பாவையும் கூப்பிட்டுக் காட்டினேன். இந்த ஊர் 900 மீட்டருக்கு மேல் உயரத்தில் இருப்பதால் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதிக்கிறது, அதனால் ஒன்றும் குறைவதில்லை, இருபது நிமிடம் நன்றாகத் தளதளவென்று கொதித்தால் போதும்.

முதல் முயற்சி கெட்டதற்குக் காரணம் தண்ணீர். எங்கள் வீட்டுக்கு வருவது போர்வெல் தண்ணீர். மூன்றாவது சுற்றில் குழாயெங்கும் வெள்ளைத் திட்டு, துடைத்தால் அடியில் நிறமே ஏறவில்லை. போதாததற்கு, குழலின் வாயில் அடித்திருந்த மர அடைப்பு சூட்டில் கசிந்து, உள்ளே பூசியிருந்த கிரீஸ் வெளியே வழிந்து விரல் நீளத்துக்கு ஒரு கோடு போட்டுவிட்டது. வினிகரில் ஊறவைத்து எல்லாக் கறுப்பையும் எடுத்து, 400 தாளால் மறுபடியும் தேய்த்து, முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் கேனாக வாங்கி வந்தேன். மர அடைப்பை வைக்காமல், குழலின் உட்புறத்துக்கு ஷெல்லாக் என்ற அரக்கு வார்னிஷ் பூசி உலரவிட்டேன். துடைக்கும் ஸ்டீல் வுல்லையும் அசிட்டோனில் அலசிக்கொண்டேன், கடையில் வாங்கும்போதே அதில் எண்ணெய் இருக்கிறது.

முதல் சுற்றில் சாம்பல், மூன்றாவதில் ஸ்லேட், ஐந்தாவதில் கறுப்பு. ஏழாவது சுற்றுக்கு மேல் நிறம் மாறவில்லை, நிறுத்திவிட்டேன். கடைசியாக ஆப்ப சோடா கலந்த தண்ணீரில் ஒரு கொதி, சூடாக இருக்கும்போதே எண்ணெயில் முக்கி ஒரு ராத்திரி. காலையில் துடைத்துப் பார்த்தபோது பளபளப்பே இல்லாத, நிழலில் கறுப்பாகவும் வெயிலில் லேசான நீலமாகவும் தெரிகிற நிறம். சில துருக்குழிகள் இன்னும் தெரிகின்றன, அவை இருக்கட்டும். நாலு இலக்கமும் கூராக நிற்கின்றன.

கட்டையில் அதிகம் வேலை இல்லை. பள்ளங்களின் மேல் ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்தால் மரநார் உப்பி மேலே வந்துவிடுகிறது. அப்புறம் லின்சீட் எண்ணெய், நாளுக்கு ஒரு கை, பத்து நாள். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். நான் கொடியில் விரித்துக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் நனைத்துப் போட்டேன்.

பிஸ்டன் தலையிலிருந்த தோல் வாஷர் கருவாடாகக் காய்ந்திருந்தது. மார்க்கெட் ஓரம் செருப்புத் தைக்கும் பெரியவரிடம் அளவைக் காட்ட, கெட்டித் தோலில் வட்டமாக வெட்டிக் கொடுத்தார், காசு வாங்க மாட்டேன் என்றார், கட்டாயப்படுத்திக் கொடுத்தேன். அதை ஈரமாக்கிக் கிண்ண வடிவில் அழுத்திக் காயவைத்து, குதிரைச் சேணத்துக்குப் போடும் நீட்ஸ்ஃபுட் எண்ணெயில் ஊறவைத்தேன். இந்த இடத்தில் சாதாரண மெஷின் எண்ணெய் தாராளமாக விட்டால், அழுத்தச் சூட்டில் உள்ளேயே வெடித்துப் புகை வரும், ஸ்பிரிங்குக்கும் கேடு.

மறுபடியும் கிளாம்ப்பில் பிடித்துப் பூட்டி முடித்தது போன சனிக்கிழமை. ஞாயிறு காலை மணல் மூட்டையை அடுக்கி அதன் முன்னால் அட்டை வைத்து, பத்து மீட்டரில் முதல் ஐந்தையும் அப்பாவே சுட்டார். ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின, ஆனால் அட்டையின் நடுவிலிருந்து நாலு விரல் இடது பக்கம். குறி பார்க்கும் பின் சைட்டை இடம் வலமாக நகர்த்தும் திருகு தேய்ந்திருக்கிறது. அதன் மரை அளவு இங்கே கடைகளில் கிடைப்பதோடு ஒத்துப்போகவில்லை, பீன்யா அண்ணன் ஒன்று கடைந்து தருகிறேன் என்றிருக்கிறார். அது வந்ததும் அதற்கு மட்டும் தனியாக ஏழு சுற்று கறுப்பேற்ற வேண்டும்.